பனியின் மேல் பழி

எங்கள் ஊரில் பனி என்ற சொல்லுக்குப் பொருள் இரண்டு. தமிழர் வாயில் அது மார்கழி இரவில் முற்றத்தை நனைப்பது. மலையாளத்தார் வாயில் அது உடம்பைச் சுடுவது, அதாவது காய்ச்சல். இரண்டு மொழியும் ஒரே தேநீர்க் கடைப் பலகையில் அருகருகே உட்கார்ந்திருக்கும் ஊர் ஆகையால், எந்தப் பனி என்று கேட்கவேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. சொல்பவர் யார் என்பதிலேயே விடை இருக்கும். பழந்தமிழில் பனித்தல் என்றால் நடுங்குதல் என்ற பொருளும் உண்டு. நடுக்கம் குளிரிலும் வரும், காய்ச்சலிலும் வரும். ஒரு தாய் வயிற்றுச் சொல் எல்லைக் கல்லின் இருபுறமும் போய் இருவேறு குணம் கொண்டுவிட்டதோ என்று நான் எண்ணுவதுண்டு. அது மொழிநூல் பயின்றவர்கள் தீர்க்க வேண்டிய வழக்கு. நான் நுண்ணுயிரியல் பயில்பவன். என் வழக்கு வேறு. 2023 டிசம்பரில் என் பாட்டாவுக்கு வந்த நிமோனியாவுக்குப் பொறுப்பாளி பனியா, நானா என்பதே அது.

பாட்டா என்றால் தாத்தா. இந்தத் தலைநகரத்துக்குத் தஞ்சையிலிருந்தும் கோவையிலிருந்தும் படிக்க வந்துள்ள தோழர்களுக்காக இதைச் சொல்கிறேன். எங்கள் ஊர் பனச்சமூடு. நெய்யாற்றின்கரை வட்டத்தில், வெள்ளறடைக்கு அருகில், கேரளம் முடிந்து தமிழகம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. மூடு என்பது மரத்தின் அடி. எங்கள் பக்கத்து ஊர்ப்பெயர்கள் பலவும் மூடு, கோடு, விளை என்றே முடியும். 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எங்கள் வீடு கேரளத்தில். அத்தை வீடு, கூப்பிடு தூரத்தில், தமிழகத்தில். கடலோரத்து மீனும் மலையோரத்து மரச்சீனியும் வாழைக்குலையும் எங்கள் சந்தையில்தான் ஒன்றையொன்று சந்திக்கும். அந்தச் சந்தையில் நாற்பது ஆண்டுகள் வெற்றிலை பாக்கு விற்றவர் என் பாட்டா. வயது அன்று 79. பீடி பிடிப்பார். குரல், மூன்று கடைக்கு அப்பால் நிற்பவனையும் திரும்பிப் பார்க்க வைக்கும் குரல்.

முதுகலை முதலாண்டின் முதல் பருவத் தேர்வு முடிந்ததும் ஊருக்குப் புறப்பட்டேன். புறப்படும்போதே தொண்டை கரகரத்தது. விடுதியில் எங்கள் மாடியில் பாதிப் பேருக்கு அதே நிலை. கேரளா எக்ஸ்பிரஸில் ஏறக்குறைய 50 மணி நேரம். குளிருக்கு அஞ்சி, நாகபுரி தாண்டும்வரை சன்னலைத் திறக்க ஒருவரும் விடவில்லை. எதிர் இருக்கைக்காரர் இருமினார், நான் இருமினேன், மேல் படுக்கையிலிருந்த குழந்தை இருமியது. மூன்று இருமலும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல் இருந்ததை வேடிக்கையாகக்கூட நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டி சுக்குக்காப்பி போட்டுத் தந்தாள். "மக்களே, டெல்லிக் குளிரு உன் நெஞ்சில கெட்டிக்கிடக்கு, பனியில எறங்காதே" என்று சொல்லிக் கதவையும் சன்னலையும் இழுத்துச் சாத்தினாள். முன்னறையில் பாட்டாவின் கட்டிலுக்குக் கீழே எனக்குப் பாய் விரித்தார்கள். அறை சிறிது, காற்று நுழைய வழியில்லை, பாட்டாவும் பேரனும் நள்ளிரவுவரை முகத்துக்கு முகம் பேசிக்கொண்டிருந்தோம். இரண்டாம் நாள் இரவு மட்டும் பாட்டா முற்றத்துக்கு நாற்காலியை எடுத்துப் போட்டார். உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்றார். பத்து மணிவரை பனியில் இருந்தோம். மூன்று இரவுகளில் அந்த ஓர் இரவுதான் பாட்டாவுக்குக் குறைந்த ஆபத்துள்ள இரவு என்பது இன்று எனக்குத் தெரிகிறது. ஆனால் குற்றவாளிக் கூண்டில் ஏறியது அந்த இரவுதான்.

நான்காம் நாள் பாட்டாவுக்கு உடம்பு நோவும் தடுமனும். சித்தப்பா மருந்துக் கடைக்குப் போய், சீட்டு எதுவும் இல்லாமலே, மூன்று கிருமிக்கொல்லி மாத்திரைகள் வாங்கி வந்தார். வைரசினால் வரும் தடுமனுக்கு அந்த மாத்திரையால் ஒரு பயனும் இல்லை. அரைகுறையாகத் தின்றால் உடம்பிலிருக்கும் கிருமிகள் அதற்குப் பழகிக்கொள்ள மட்டும் உதவும். இதை நான் பாடத்தில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். அன்று சித்தப்பாவிடம் வாய் திறக்கவில்லை. ஆறாம் நாள் சற்றுத் தெளிந்தார், கஞ்சி குடித்தார். எல்லோரும் நிம்மதியடைந்தோம். எட்டாம் நாள் காலையில் என்னைப் பார்த்து, இறந்துபோன தம் தம்பியின் பெயரைச் சொல்லி, "கடையைத் தொறந்தியாலே?" என்று கேட்டார்.

"சன்னி கண்டாச்சு" என்று பாட்டி தலையில் கைவைத்தாள். நான் நெற்றியைத் தொட்டேன்; சூடு இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு 34. பெரியவர்களுக்கு அது 30ஐத் தொட்டாலே பொறுக்கக்கூடாது. முதியவர்க்கு நிமோனியா வரும்போது பல வேளைகளில் காய்ச்சலும் இராது, பெரிய இருமலும் இராது. புத்தி மாறாட்டமும் விரைந்த மூச்சும் உண்ணாமையுமே அடையாளம். தெருவில் ஓடிப்போய் ஆட்டோ பிடித்தேன்.

மருத்துவமனையில் இருந்த இளம் டாக்டர் வடகேரளத்துப் பெண் என்பது பேச்சில் தெரிந்தது. "பனி உண்டோ அம்மச்சீ?" என்று கேட்டார். பாட்டி தோவாளைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஐம்பது ஆண்டுகளாக மலையாளம் கேட்டவள். மற்ற நாளில் தடுமாறமாட்டாள். அன்று தடுமாறினாள். "பனிதான் டாக்டரே. நல்ல பனி. ராத்திரி பத்து மணி வரைக்கும்" என்றாள். டாக்டர் அதை அப்படியே காய்ச்சல் என்று எழுதிக்கொண்டு வெப்பமானியைப் பார்த்தார். அதில் காய்ச்சல் இல்லை. புருவம் சுருங்கியது. இரு மொழியும் அறிந்தவன் நான் ஒருவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த கேள்வி வந்தது. வீட்டில் வேறு யாருக்காவது சளி, இருமல் உண்டா? பாட்டி இல்லை என்று தலையசைத்தாள். அவள் பொய் சொல்லவில்லை. பேரனுடைய இருமல் டெல்லிக் குளிரால் வந்தது, பாட்டாவினுடையது ஊர்ப் பனியால் வந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று அவள் எண்ணவே இல்லை. எனக்கோ அந்த நொடியிலும் தொண்டையில் இருமல் ஊறியது. அதை விழுங்கினேன். நுண்ணுயிரியல் படிக்கும் பேரன், ஊரே மெச்சும் பேரன், பாட்டாவுக்கு நோய் சுமந்து வந்தவன் என்று பேர் எடுக்க அஞ்சினேன். பனிக்கு வாய் இல்லை. பழியை மறுத்துப் பேசாது. அது எனக்கு வசதியாக இருந்தது.

எக்ஸ்ரே படத்தில் வலது நுரையீரலின் அடிப்பாகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. படத்தில் கறுப்பாகத் தெரிவது காற்று. வெளுத்துத் தெரிவது காற்று இருக்கவேண்டிய இடத்தில் வேறொன்று புகுந்தது. நம் நுரையீரலில் 30 கோடிக்குக் குறையாத காற்றுப்பைகள் இருக்கின்றன. கிருமி அங்கே இறங்கிப் பெருகினால், அதை எதிர்க்க உடம்பு அனுப்பும் வெள்ளணுக்களும் நிணநீரும் அந்தப் பைகளை நிரப்பிவிடுகின்றன. போருக்கு வந்த படையே வாய்க்காலை அடைத்துக்கொள்வது போன்றது. மூச்சு இழுத்தாலும் பிராணவாயு இரத்தத்தில் சேராது. இதுதான் நிமோனியா.

அதைத் தரும் கிருமி ஒன்றன்று. மருத்துவமனைக்கு வெளியே, வீட்டிலும் தெருவிலும் சந்தையிலும் தொற்றும் நிமோனியாவில் பேர்பெற்றது நியுமோகாக்கஸ் என்னும் பாக்டீரியா. 1881இல் பிரான்சில் பாஸ்டரும் அமெரிக்காவில் ஸ்டெர்ன்பெர்க்கும் ஒருவரையொருவர் அறியாமலே இதைக் கண்டனர். கிராம் என்பவர் பாக்டீரியாக்களுக்குச் சாயமேற்றும் முறையை 1884இல் கண்டதும் நிமோனியாவில் இறந்தோரின் நுரையீரலை ஆராய்ந்தபோதுதான். நாங்கள் ஆய்வகத்தில் நாள்தோறும் கையாளும் முறை அதுவே. 1928இல் கிரிபித்தும் 1944இல் அவெரியும் மரபுப் பண்பைச் சுமப்பது டி.என்.ஏ. என்ற உண்மைக்கு வந்து சேர்ந்ததும் இதே கிருமியை வைத்துத்தான். ஒரு கிருமிக்கு அறிவியல் இவ்வளவு கடன்பட்டிருப்பதை வகுப்பில் கேட்டபோது மெய்சிலிர்த்தேன். அது பாட்டாவின் நெஞ்சுக்குள் இருக்கும்போது சிலிர்ப்பு வேறுவகையாக இருந்தது.

இந்தக் கிருமியைப் பற்றி என் வீட்டாருக்கு விளங்கவைக்க முடியாமல் நான் திணறிய செய்தி ஒன்று உண்டு. இது எங்கிருந்தோ வந்து தாக்கும் அந்நியன் அன்று. மூக்குக்கும் தொண்டைக்கும் இடையே, யாதொரு துன்பமும் தராமல், குடியிருக்கும் பழக்கமுடையது. பெரியவர்களைக் காட்டிலும் குழந்தைகளின் தொண்டையே அதற்கு விருப்பமான வீடு. மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, ஆறு மாதம் நிரம்புமுன்பே பாதிக்கு மேற்பட்டோரிடம் அது குடியேறியிருந்தது. குழந்தை சிரித்துக்கொண்டுதான் இருக்கும். முத்தமிடும் பாட்டாவுக்கு மாறும். அவரிடமும் பல நாள் சும்மா இருக்கும். தூக்கத்தில் தொண்டை நீர் துளித்துளியாக நம் எல்லோருக்குமே மூச்சுக்குழலில் இறங்குகிறது. அதோடு கிருமியும் இறங்குகிறது. மூச்சுக்குழலின் உட்புறத்தில் மெல்லிய இழைகள் வயலில் நெற்பயிர் அசைவதுபோல் ஓயாமல் அசைந்து அதை மேலே தள்ளிவிடுகின்றன. அந்த இழைகள் வேலை செய்யும்வரை அச்சமில்லை.

இழைகளைக் கெடுப்பவை எவை? முதலாவது புகை. பீடிப்புகை, விறகடுப்புப் புகை, ரப்பர்ப் பாலை உறையவைத்துத் தகடாக்கி உலர்த்தும் புகைப்புரையின் புகை, நாம் இந்நகரத்தில் கார்த்திகை தொடங்கி மூச்சிழுக்கும் அந்தச் சாம்பல் நிறப் பொருள், எல்லாம் ஓரினம். பாட்டாவுக்கு இவற்றில் மூன்று வாய்த்திருந்தன. நான்காவது மட்டும்தான் நமக்குரியது. இரண்டாவது வைரஸ். இன்ஃபுளுவென்சா போன்ற வைரஸ் மூச்சுக்குழலின் உட்தோலை உரித்துப்போட்டுவிட்டு நகர்கிறது. நோயாளி சற்றுத் தெளிந்து எழுந்து உட்காரும்போது, அதுவரை தொண்டையில் சாதுவாக இருந்த பாக்டீரியா திறந்த வாசலில் உள்ளே நுழைகிறது. 1918ஆம் ஆண்டு உலகைச் சூறையாடிய இன்ஃபுளுவென்சாவில், இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்தக் கொள்ளைநோயில் இறந்தோரின் நுரையீரல் துணுக்குகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், பெரும்பாலோரைக் கொன்றது வைரசைப் பின்தொடர்ந்து வந்த பாக்டீரிய நிமோனியாவே என்று கண்டனர்.

நான்காம் நாள் நோவு. ஆறாம் நாள் தெளிவு. எட்டாம் நாள் வீழ்ச்சி. பாட்டாவின் கட்டிலருகே அன்றிரவு விழித்திருந்தபோது இந்தக் கணக்கு என் மனத்தில் தானே எழுதிக்கொண்டது. இன்ஃபுளுவென்சா ஒருவரிடமிருந்து தொற்றி நோவாக வெளிப்பட ஒன்று முதல் நான்கு நாளாகும். நோய் கண்டவர் அதற்கு முதல்நாளிலிருந்தே பரப்பத் தொடங்கிவிடுவார். ஐந்தாறு நாள் பரப்புவார். நான் வந்து இறங்கிய நாளை எண்ணினேன். பாய் விரித்த இடத்தை எண்ணினேன். பாட்டாவுக்குப் பிராணவாயு ஏற்றிய குழாயில் நீர்க்குமிழி குடுகுடுவென்று ஒலித்துக்கொண்டே இருந்தது.

விடிந்ததும் டாக்டர் வரும்வரை வராந்தாவில் நின்றேன். சொன்னேன். டெல்லி, விடுதி, வண்டி, பாய், எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டி சொன்ன பனி காய்ச்சலன்று, முற்றத்துப் பனி என்பதையும் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். விடை சொல்லவில்லை. தொண்டையில் பஞ்சு ஒற்றி எடுத்து அனுப்பினார்கள், இன்ஃபுளுவென்சா இருந்தது. சளியில் நியுமோகாக்கஸ் வளர்ந்தது. வைரசுக்கு உரிய மருந்தும் அன்றே தொடங்கிற்று. பாட்டாவை மற்ற முதியோரிடமிருந்து சற்று விலக்கி, சன்னலோரக் கட்டிலுக்கு மாற்றினார்கள். அந்த மருந்து எவ்வளவு முந்தித் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. என் ஓர் இரவு மௌனம் ஓர் இரவைத் தின்றது. அதனால் கேடு விளைந்ததா என்று டாக்டரைக் கேட்டேன். "அது இனி யாருக்கும் தெரியாது" என்றார். அவர் தேறுதலாகச் சொன்னாரா, குற்றமாகச் சொன்னாரா என்பதும் எனக்குத் தெரியாது.

பதினொரு நாள் இருந்து பாட்டா வீடு திரும்பினார். மெலிந்திருந்தார். குரல் முதல் கடையைக்கூடத் தாண்டவில்லை.

இனி என் வழக்குக்கு வருகிறேன். நான்தான் கொண்டுவந்தேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டால் மனம் ஒருவகையில் ஆறும், அழுதுவிட்டு எழுந்துவிடலாம். ஆனால் அறிவியல் அதற்கும் இடம் தரவில்லை. அக்காள் மகன், மூன்று வயதுக்காரன், நான் வருவதற்கு நான்கு நாள் முன்பே அங்கன்வாடியிலிருந்து மூக்கொழுக வந்திருந்தான். வைரஸ் அவனுடையதாக இருக்கலாம். சந்தை நாள் மாலையில் பாட்டா மீன் கடை நெரிசலில் நின்றார், அங்கேயும் இருக்கலாம். பாக்டீரியாவோ யாரிடமிருந்தும் அன்று வரவேண்டியதில்லை. பாட்டாவின் தொண்டையிலேயே பல வாரங்களாகக் காத்திருந்திருக்கலாம். ஒரு வைரஸ், ஒரு பாக்டீரியா, நாற்பதாண்டுப் பீடி, 79 வயது, சாத்திய சன்னல் என்று இத்தனை பேர் சேர்ந்து செய்த காரியத்துக்கு ஒருவனைத் தூக்கில் போட முடியாது. பனியையும் போட முடியாது என்பதுதான் என் வாதம்.

பாட்டியின் பக்கமும் சிறிது நியாயம் உண்டு. 1878இல் பாஸ்டர் ஒரு சோதனை செய்தார். கோழிக்கு ஆந்திராக்ஸ் நோய் வழக்கமாகத் தொற்றுவதில்லை. கோழியின் கால்களைக் குளிர்ந்த நீரில் நிறுத்திக் கிருமியைச் செலுத்தியபோது தொற்றியது. குளிர் உடம்பின் காவலைத் தளர்த்தக்கூடும். ஆனால் கிருமி செலுத்தப்படாத கோழி, நாள் முழுதும் தண்ணீரில் நின்றாலும் ஆந்திராக்சில் சாகாது. முற்றத்தில் அன்றிரவு பாட்டாவுக்குக் குளிர் பட்டிருக்கலாம். ஆயினும் திறந்த வெளியில் என் மூச்சு காற்றோடு கலந்து போயிற்று. சாத்திய அறையில் அது போக இடமின்றி அவரிடமே போயிற்று. இருமலிலும் பேச்சிலும் வெளிவரும் பெருந்துளிகள் ஓரிரு கோல் தூரத்தில் விழுந்துவிடும். நுண்துளிகள் புகைபோல் மிதந்து நிற்கும். ஊதுவத்தியை முன்னறையில் ஏற்றினால் மணம் நெடுநேரம் நிற்பதும், முற்றத்தில் ஏற்றினால் உடனே கரைவதும் எல்லோரும் அறிந்ததுதானே. மூச்சை நாம் கண்ணால் காண்பதில்லை, அதனால் நம்புவதில்லை.

பிள்ளைகளுக்கு வரும் நிமோனியா பற்றியும் ஒரு சொல். உலகில் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்ட 7,40,180 குழந்தைகள் இதனால் இறந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டது. நியுமோகாக்கசுக்கு எதிரான தடுப்பூசி நம் நாட்டின் இலவசத் திட்டத்தில் 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021இல் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் வந்தது. ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என்று மூன்று முறை. அக்காள் மகன் பிறந்தது 2020இல்; அவனுக்கு அது கிடைக்கவில்லை. அவனுக்குப் பின் பிறந்த தங்கைக்குக் கிடைத்திருக்கிறது. அவள் தொடையில் ஏறிய ஊசி பாட்டாவுக்கும் ஓரளவு காவல் என்பதை வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. தடுப்பூசி பெற்ற குழந்தையின் தொண்டையில் அந்த வகைக் கிருமி குடியேறுவது குறைகிறது. குழந்தையிடம் இல்லாதது முத்தத்தில் எப்படி மாறும்? அமெரிக்காவில் 2000இல் குழந்தைகளுக்கு ஊசி தொடங்கியபின், ஊசி போடாத முதியோரிடமும் அந்நோய் குறைந்தது. பாட்டாவுக்கே நேராகப் போடக்கூடிய ஊசிகளும் உண்டு. நியுமோகாக்கசுக்கு ஒன்று, ஆண்டுதோறும் இன்ஃபுளுவென்சாவுக்கு ஒன்று. விலை கொடுத்துத்தான் போடவேண்டியிருந்தது. என் உதவித்தொகையிலிருந்து போட்டேன். புண்ணியக் கணக்கில் இதை எழுதிக்கொள்ளவில்லை, கடன் கணக்கில்தான்.

ஊர்விட்டு ஊர் வந்து ஒரே கூரைக்கடியில் நெருங்கிப் படுக்கும் நம் போன்றோர்க்கு இந்நோயின் வரலாற்றில் ஒரு தனி இடம் உண்டு. பனாமாக் கால்வாய் வெட்ட மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர் வந்தனர். கொசுவை ஒழித்து மஞ்சள் காய்ச்சலை வென்ற கார்கஸ் என்னும் மருத்துவர், அந்தத் தொழிலாளரைக் கொத்துக் கொத்தாக நிமோனியா கொண்டுபோவதைக் கண்டார். அடுக்குக் கட்டில் கொட்டகைகளிலிருந்து வெளியேறி, அவர்கள் குடும்பத்தோடு தனித்தனிக் குடிசைகளில் வாழத் தொடங்கியதும் சாவு குறைந்தது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் இதே நோய். அங்கே 1911இல் ரைட் என்பவர் தடுப்பூசி போட்டுப் பார்த்தார். வடக்கிலிருந்து ஆள் சேர்ப்பதையே 1913இல் அரசு நிறுத்தவேண்டியிருந்தது. அந்த ஆண்டு அங்கே அழைக்கப்பட்ட கார்கஸ் சொன்ன யோசனையும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆளுக்கு ஆள் இடம் விடுங்கள் என்பதே. கூலி கொடுப்பவர்க்கு மருந்தைவிட இடம்தான் விலை அதிகமாகத் தோன்றும். இன்றும் அப்படியே.

நம் விடுதி சுரங்கக் கொட்டகை அன்று. ஆனாலும் ஐப்பசி பிறந்ததும் சன்னலைச் சாத்தி, இடுக்கில் செய்தித்தாளைத் திணித்து, அறைக்கு நால்வர் பங்குனிவரை ஒரே காற்றை முறைவைத்து மூச்சுவிடுகிறோம். ஆய்வகத்திலிருந்து கரியமிலவாயு அளக்கும் கருவியை ஒருநாள் இரவல் பெற்று வந்து எங்கள் அறையில் வைத்தேன். விடியற்காலையில் அது வெளிக்காற்றைவிடப் பல மடங்கு காட்டிற்று. அந்த மிகுதி முழுவதும் ஏற்கெனவே ஒருவன் நெஞ்சுக்குள் போய்த் திரும்பிய காற்று. அறைத் தோழர்களுக்குக் காட்டினேன். திருநெல்வேலித் தோழர் அதை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "சரிலே, சன்னலைச் சாத்து, பனி வருது" என்று போர்வையை இழுத்துக்கொண்டார். புகை கனத்த நாளில் சன்னல் திறப்பதும் கேடு என்ற அவர் வாதத்தை மறுக்க எனக்கு இன்னும் வகை தெரியவில்லை. புகை இல்லாத பகற்பொழுதில் ஒரு மணி நேரம் திறப்பது என்று உடன்படிக்கை செய்திருக்கிறோம். இருமுகிறவன் முகமூடி அணிவான் என்பது அதன் இரண்டாம் விதி. அது பரீட்சைக் காலத்தில் மட்டும் மதிக்கப்படுகிறது. இருமல் இரண்டு வாரம் தாண்டினால் காசநோய்ச் சோதனைக்குப் போகவேண்டும் என்ற மூன்றாம் விதியையும் சேர்த்திருக்கிறேன். காசமும் முதலில் சாதாரணச் சளியாகவே வேடம் போடும்.

2024 டிசம்பரில் மறுபடி ஊருக்குப் போனேன். மறுபடியும் தொண்டை கரகரத்தது. இதை நம் விடுதியின் வழியனுப்பு விழா என்றே கொள்ளலாம். இம்முறை பாறசாலை நிலையத்தில் இறங்கியதுமே முகமூடி அணிந்துகொண்டேன். வீட்டு வாசலில் நின்று, "பாட்டா, எனக்குத் தடுமன். அஞ்சு நாளைக்கு உள்ளே வரமாட்டேன்" என்று சொன்னேன். பாட்டா நாற்காலியில் இருந்தபடியே என்னைப் பார்த்தார். போன ஆண்டு நடந்ததையும் அப்போதே சொல்லிவிட்டேன். மருத்துவமனையில் இருமலை விழுங்கியதை மறைக்காமல் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். சொல்லி முடித்ததும், "அதுக்கா ஒரு வருசமா மொகத்தைத் தூக்கிக்கிட்டு போன்ல பேசினே?" என்றார்.

திண்ணையில் பாய் விரித்துக்கொண்டேன். உள்ளே சன்னலோரத்தில் பாட்டாவின் கட்டில், வெளியே நான், இடையில் கம்பி. அந்தக் கம்பி வழியாகத்தான் நள்ளிரவுவரை பேசினோம். இரப்பர் மரங்களுக்கு மேலே நிலவு இருந்தது. முற்றத்து வாழையிலைகளில் பனி சொட்டுகிற ஒலி தெளிவாகக் கேட்டது. பாட்டிக்கு இந்த ஏற்பாடு அறவே பிடிக்கவில்லை. படித்த பிள்ளை பனியில் கிடப்பதைக் கண்டு ஊரார் என்ன சொல்வார்கள் என்று உள்ளேயிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் பாட்டாவின் பழைய துவர்த்து.

"தலையில கெட்டு மக்களே. பனி எறங்கும்" என்றாள்.

கட்டிக்கொண்டேன்.